வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளும் டிசைன் திங்கிங்கும்: எங்கள் பள்ளியில் பார்த்தது

நொய்யல்_டீச்சர் (திருப்பூர்)

வணக்கம். திருப்பூரை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். டிசைன் திங்கிங் என்ற பேரை முதலில் ஒரு பயிற்சியில்தான் கேட்டேன்; சிக்கலில் இருப்பவர்களை முதலில் புரிந்துகொண்டு, அப்புறம் வழி யோசித்துச் செய்து பார்க்கும் முறை அது. மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுத்தாள்களைக் கொடுத்து, தோன்றுவதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். சில பிள்ளைகள் ஏன் தொடர்ந்து பின்தங்குகிறார்கள் என்பது எங்கள் குழுவின் கேள்வி. அரை மணி நேரத்தில் சுவர் நிறைந்துவிட்டது. நான் எழுதிய முதல் தாள்: "பெற்றோருக்கு அக்கறை இல்லை." கூட இருந்த நாலு பேரும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தார்கள்.

பயிற்சி நடத்தியவர் அதைப் படித்துவிட்டு, "கடைசியாக எந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தீர்கள்?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல வரவில்லை.

அப்புறம் ஆறு நாள், பள்ளி விட்டதும் பிள்ளைகளோடவே நடந்து போனேன். ஒன்பது வீடு. படிவம் எதுவும் எடுத்துப் போகவில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீட்டை மட்டும் சொல்கிறேன். லைன் வீடு. ஒரே காம்பவுண்டில் பன்னிரண்டு குடும்பம், ஆளுக்கு ஓர் அறை, எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், அப்பா ஓவர்லாக் டெய்லர். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்டு முடிந்து வர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். சாயந்திரம் இவள்தான் தம்பியைப் பார்க்கணும், அரிசி களைந்து வைக்கணும், தண்ணீர் வந்தால் பிடிக்கணும். அம்மா வந்து சாப்பிட்டதும் பாய் விரித்து விளக்கை அணைத்துவிடுவார்கள். நாலு பேரும் படுக்க இருப்பது அந்த ஓர் அறைதான். நோட்டுகளை அரிசி டிரம் மேல் அடுக்கி வைத்திருந்தாள். "எழுதறதுக்கு எடம் இல்லீங் டீச்சர்" என்றாள். மூன்று வருடமாக அவளை நான் வகுப்பில் நிற்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அடிக்கடி லீவு போடுகிறவர்கள் என்று நான் சிவப்பு மையில் வட்டம் போட்ட பெயர்களில் பெரும்பாலானவை இரண்டே காம்பவுண்டுகளைச் சேர்ந்தவை. லீவு நாட்களை அந்த வீதிக்குத் தண்ணீர் விட்ட நாட்களோடு வைத்துப் பார்த்தால் பொருந்திப் போகிறது. பெரியவர்கள் கம்பெனிக்குப் போய்விடுவதால் குடத்தோடு நிற்க வீட்டில் வேறு ஆள் கிடையாது.

சரி, எழுத இடம் கொடுத்தால் போதும் என்று பள்ளியில் ஓர் அறையை ஆறரை மணி வரை திறந்து வைத்தோம். முதல் வாரம் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஆறு பேர், ஆறும் பையன்கள். தம்பி தங்கச்சியை விட்டுவிட்டுப் பெண் பிள்ளைகளால் வர முடியவில்லை. யாருக்காக அந்த அறையைத் திறந்தோமோ அவர்களே வரவில்லை.

இப்போது அதைக் காம்பவுண்டுக்கே மாற்றியிருக்கிறோம். வீட்டுக்காரர் ஒருவர் மொட்டை மாடியைக் கொடுத்தார், இரண்டு விளக்குப் போட்டோம். சின்னப் பிள்ளைகளும் கூட வரலாம். தண்ணீர் வரும் நாளில் லீவு.

என் கேள்வி இதுதான். கல்வியில் இருக்கும் ஏற்றத்தாழ்வுக்கு இந்த முறை உண்மையாகவே உதவுமா? இல்லை, பெரிய விஷயத்தை விட்டுவிட்டு மொட்டை மாடியில் விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேனா? மற்ற ஊர்க்காரர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம் (பள்ளிபாளையம்)

டீச்சர், உங்கள் உழைப்புக்குக் கை எடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தறிக்குடோனில் வளர்ந்தவன். ஏழாம் வகுப்பு படிக்கும்போதே ராத்திரி ஷிப்டில் அப்பாவுக்குத் துணையாகத் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுப்பேன். காலையில் வகுப்பில் தூங்கிவிழுவேன், வாத்தியார் அடிப்பார். அன்றைக்கு யாராவது வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் என் அப்பா தறிக்காரரிடம் வாங்கிய முன்பணம் அப்படியேதான் இருந்திருக்கும். அந்தக் கடன்தான் என் சாயந்திரத்தைத் தின்றது.

உங்கள் மாணவியின் அம்மா ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் இந்த மொட்டை மாடியே தேவையில்லை. ஒரு ஷிப்டுச் சம்பளத்தில் குடும்பம் நடக்காததால்தானே ஒன்றரை ஷிப்டு பார்க்கிறார்கள்? கூலியைப் பற்றிப் பேசாமல் பிள்ளையின் நேரத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசினதாக ஆகும். இன்னொரு பயமும் இருக்கிறது. ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும், கட்டடம் ஒழுகும், அதையெல்லாம் சரி செய்யாமல் "நீங்களே புதுமையாக யோசியுங்கள்" என்று பள்ளியின் தலையில் கட்டிவிட்டுப் போக இந்தப் பேர் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

பீளமேடு_டிசைனர் (கோயம்புத்தூர்)

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன்.

டிசைன் என்பது இருக்கும் நிலையை நாம் விரும்பும் நிலைக்கு மாற்றும் வழி என்ற கருத்தை 1969-இலேயே ஹெர்பர்ட் சைமன் எழுதிவிட்டார். 2000-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டி-ஸ்கூல் அதை ஐந்து படிகளாகப் பரப்பியது: மனிதர்களை உணர்வது, சிக்கலை வரையறுப்பது, யோசனைகளைப் பெருக்குவது, மாதிரி செய்வது, சோதித்துப் பார்ப்பது. நடைமுறையில் எங்கள் ஆட்கள் முதல் படியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு மூன்றாவதுக்கு ஓடிவிடுகிறார்கள். ஒட்டுத்தாள் ஒட்டுவது அங்கேதான். டீச்சர் முதல் படிக்கே ஆறு நாள் கொடுத்திருக்கிறார்.

ஸ்டான்ஃபோர்டில் ஒரு வகுப்பில் 2007-இல் நடந்த ஒன்றைச் சொல்லணும். குறைந்த விலையில் இன்குபேட்டர் செய்யுங்கள் என்று மாணவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். குழுவில் ஒருவர் நேபாளம் போனார். நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர்கள் காலியாகவே இருந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறந்ததெல்லாம் மின்சாரம் இல்லாத கிராமங்களில். உடனே கேள்வி மாறியது: கரண்ட் இல்லாமல், ஆஸ்பத்திரிக்கு வராமல், ஒரு தாய் குழந்தையைச் சூடாக வைத்திருப்பது எப்படி? அதிலிருந்து வந்ததுதான் எம்ப்ரேஸ் என்ற உறை, பார்க்க ஒரு குட்டித் தூக்கப்பை மாதிரி இருக்கும். நம் நாட்டில் அதைச் சோதித்தபோது ஒரு தாய், 37 டிகிரியில் வை என்று சொன்னால் 30-இல்தான் வைப்பேன் என்றாராம். ஆங்கில மருந்து வீரியம் அதிகம், குழந்தைக்குக் குறைத்துத்தான் கொடுக்கணும் என்பது அவர் கணக்கு. அதற்கப்புறம் எண்ணை எடுத்துவிட்டுச் சூடு சரியாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். அறையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் இது யாருக்கும் தோன்றியிருக்காது.

தறி அண்ணன் சொன்னதையும் நான் தள்ளவில்லை. அமெரிக்காவிலேயே இந்த விமர்சனம் வந்தது. கல்விச் சமத்துவத்துக்காக வேலை செய்யும் நேஷனல் ஈக்விட்டி புராஜெக்ட் என்ற அமைப்பு, ஸ்டான்ஃபோர்டு ஆட்களோடு சேர்ந்து இரண்டு படிகளைக் கூட்டியது. தொடங்குவதற்கு முன்னால் "கவனி": நான் யார், என் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, எதை ஏற்கெனவே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறேன் என்று பார்ப்பது. அப்புறம் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று திரும்பிப் பார்ப்பது. "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்ற அந்தத் தாள் "கவனி" என்ற படியில் மாட்டியிருக்க வேண்டிய தாள்.

அவினாசி_அக்கா

நான் டீச்சர் இல்லைங்க, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஓர் அம்மா. "அக்கறை இல்லை" என்ற வார்த்தையை எங்கள் காதுபடவே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப்பேர் பெண்களாக இருக்கணும். எழுத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் பள்ளியில் கூட்டம் வைப்பது வேலை நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவள் மூன்று மணிக்கு மிஷினை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போச்சு, சூப்பர்வைசரிடம் பேச்சும் வாங்கணும். ஐந்தாறு பேர் வருவோம். வராதவர்களின் கையெழுத்தை மறுநாள் வீடு வீடாகப் போய் வாங்குவார்கள். அப்புறம் எங்களுக்கு அக்கறை இல்லை என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். நடக்கவில்லை. ஆசிரியர்களுக்கும் அந்த ஒரு நாள்தான் ஓய்வு என்பது எனக்கும் புரிகிறது.

எனக்குப் பத்தாவதில் 412 மார்க். அந்த மே மாதமே ஏஜெண்ட் வந்து ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்குக் கூட்டிப் போனார். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகப் பேச்சு. நான் பதினொன்றாவதில் ஏன் சேரவில்லை என்று பள்ளியிலிருந்து ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. யாராவது வந்து அப்பாவிடம் அரை மணி நேரம் பேசியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால் சொல்கிறேன் டீச்சர், வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கடம்பூர்_மலை (சத்தியமங்கலம்)

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

நான் மலைமேல் இருக்கும் பள்ளியில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் ஊராளி, சோளகர், மலையாளி (கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலைகளில் வாழும் மக்களின் பெயர்) மக்களின் பிள்ளைகள். தாளவாடி, பர்கூர்ப் பக்கம் போனால் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் நிறைய. முதல் வகுப்புப் பாடநூலின் தமிழ் அவர்களுக்குப் புது மொழி. நானும் முதல் வருடம், வாய் திறக்காத பிள்ளைகளை மந்தம் என்றே நினைத்தேன். ஒரு நாள் ஒரு பாட்டியை வகுப்புக்குக் கூட்டி வந்து கதை சொல்லச் சொன்னேன். எனக்குப் பாதிதான் புரிந்தது. பிள்ளைகள் குறுக்கே குறுக்கே பேசிக் கதையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வகுப்பில் மந்தமாக உட்கார்ந்திருந்தது நான்தான். இப்போது வாரம் ஒரு நாள் பாட்டி வருகிறார். அந்தக் கதையிலிருந்தே சொற்களை எடுத்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன்.

யானை நடமாட்டம் இருக்கும் வாரத்தில் காலையில் காட்டுப்பாதையில் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். கரும்பு வெட்டுக் காலத்தில் குடும்பத்தோடு கீழே இறங்கிவிடுவார்கள். வருகைப் பதிவேடு இதையெல்லாம் ஒரே எழுத்தில் ஆப்சென்ட் என்று எழுதிவிடுகிறது. ஏன் வரவில்லை என்று எழுத நான் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இரண்டு வருட நோட்டைப் பார்த்தால் எந்த மாதம் எந்த ஊர் காலியாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இப்போது அதை வைத்துத்தான் பாடத்தைப் பிரித்துக்கொள்கிறேன்.

தறி அண்ணனோடு உடன்படும் இடமும் உண்டு. மலையாளி மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையில் இருந்தால் அவர்கள் பழங்குடியினர், ஏனென்றால் நாமக்கல் பழைய சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஈரோடு பழைய கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்தது. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி மக்களுக்கான மாவட்டங்களில் சேலம் இருக்கிறது, கோவை இல்லை. அதனால் கடம்பூர் மலையில் அதே மக்களின் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காது, உதவித்தொகையும் இடஒதுக்கீடும் அந்தச் சான்றிதழை நம்பித்தான் இருக்கின்றன. பன்னிரண்டாவது முடித்த பையன் இந்தக் காகிதம் இல்லாமல் கீழே கம்பெனி வேலைக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். நான் எத்தனை வீட்டுக்கு நடந்தாலும் தீராது.

கோபி_வாத்தியார் (ஓய்வு)

முப்பத்து நாலு வருடம் சாக்பீஸ் பிடித்தவன் என்பதால் ஒரு வார்த்தை.

பேர் புதிது, வேலை பழையது. பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டுப் பசி என்ற பதில் கிடைத்ததால்தான் காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று பார்த்துத்தான் 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கினார்கள். தறிக்காரத் தம்பி, கேட்டுப் பார்ப்பதும் அரசாங்கம் பணம் ஒதுக்குவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. கேட்டவன் சரியாகக் கேட்டால்தான் ஒதுக்குகிறவன் சரியான இடத்தில் ஒதுக்குவான்.

அதே காலை உணவில் நான் பார்த்த ஒன்று. திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். நடுநிலைப் பள்ளியில் ஆறாவது படிக்கும் அக்கா, இரண்டாவது படிக்கும் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உப்புமா வாங்கி உட்கார வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன ஏப்ரலில் அவளுக்கும் அதே தட்டு இருந்தது. சமைக்கும் அம்மாவுக்கும் மனசு கேட்காது. வராண்டாவில் கால் மணி நேரம் நின்றால் யார் கண்ணிலும் படும்.

இரண்டு ஆசிரியர் பள்ளியைப் பற்றியும் யோசியுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஆனால் வகுப்பு ஐந்து. ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது இப்படிப்பட்ட பள்ளிக்கும் பொருந்தி வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதற்கான பதிவுகளைச் செல்போனில் ஏற்றுவதிலேயே ஆசிரியரின் பொழுது போனால், பிள்ளையோடு உட்கார நேரம் எங்கே? ஆசிரியருக்குள்ள சிரமத்தையும் யாராவது வந்து உட்கார்ந்து பார்க்கணும்.

ராசிபுரம்_பையன்

நான் இப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். எங்கள் ஊர்ப்பக்கம் மார்க்குக்குப் பேர்போனது. பதினொன்றாவது பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாவதை உருப்போட வைத்த பள்ளிகள் இருந்தன. 2017-18-இல் பதினொன்றாவதுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அது ஒரு காரணம். நான் அரசுப் பள்ளி. புரிந்து படித்தேன் என்று சொல்ல முடியும், ஆனால் கல்லூரியில் முதல் செமஸ்டர் ஆங்கிலத்தில் திணறிப்போனேன். மாதம் வரும் அரசின் தமிழ்ப்புதல்வன் உதவித்தொகை 1000 ரூபாய் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் போய்விடுகிறது. அதுவும் இல்லாவிட்டால் வந்திருக்கவே மாட்டேன்.

நான் கேட்க வந்தது வேறு. இந்த இழையில் எல்லோரும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று பேசுகிறீர்கள். பிள்ளைகளிடம் கேட்டீர்களா? 2009-இல் அகமதாபாத்தில் ஒரு பள்ளியிலிருந்து கிரண் சேத்தி தொடங்கிய டிசைன் ஃபார் சேஞ்ச் இயக்கத்தில் உணர், யோசி, செய், பகிர் என்ற நாலு படியையும் பிள்ளைகளே செய்கிறார்கள். ஏழாவது படிக்கும் அந்தத் தங்கச்சிக்கு அவள் வீட்டைப் பற்றி நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

நொய்யல்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

ராசிபுரம் தம்பி கேட்டது உறுத்தியது. மாடியில் பிள்ளைகளிடமே கேட்டேன், படிக்க எது இடைஞ்சல் என்று. நான் இடம், வெளிச்சம் என்று எதிர்பார்த்தேன். அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை சொன்னது: "ஹிந்திக்காரப் புள்ளைங்க மேல வர மாட்டேங்கறாங்க, கீழ அழுதுட்டே இருக்காங்க டீச்சர்." அதே காம்பவுண்டில் ஒடிசா, பீகார்க் குடும்பங்கள் நாலு இருக்கின்றன. நான் ஒன்பது வீட்டுக்குப் போனபோது அந்த நாலு கதவையும் தட்டவில்லை. அவர்கள் என் பதிவேட்டில் இல்லாததால் என் கண்ணிலும் இல்லை. இப்போது இரண்டு பிள்ளைகள் மாடிக்கு வருகிறார்கள். ஒன்று கணக்கில் கெட்டிக்காரி, எண்களுக்கு மொழி தேவைப்படவில்லை. அடுத்த ஜூனில் பள்ளியில் சேர்க்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவினாசி அக்கா சொன்னதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துப் போனேன். முறையான கூட்டத்தின் நாளை எங்களால் மாற்ற முடியாது. ஆனால் ஞாயிறு காலை பத்து மணிக்குக் காம்பவுண்டிலேயே பேச்சு மட்டும் வைக்கலாம், ஆசிரியர்கள் முறை வைத்து ஒருவர் மட்டும் வந்தால் போதும் என்றார். முதல் ஞாயிறு முப்பத்தொரு பேர். பதினாலு பேர் அப்பாமார்கள், அவர்களை நான் பள்ளியில் பார்த்ததே இல்லை. முதலில் பேசியது தண்ணீரைப் பற்றித்தான். காலையில் விடுவதைச் சாயந்திரம் ஏழுக்கு மேல் மாற்றித் தரச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வார்டு கவுன்சிலரிடம் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மாறவில்லை.

தறி அண்ணா, கூலிப் பேச்சும் வந்தது. ஓர் அப்பா, "புள்ளைக்காக ஒரு ஷிப்டோட வந்தர்றேன்னா வாடகையை யாருங் குடுப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

தறிச்சத்தம் (பள்ளிபாளையம்)

பதில் இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள் பாருங்கள், அந்த மரியாதை எங்கள் அப்பாவுக்கு ஒருத்தரிடமும் கிடைத்ததில்லை. இன்றைக்கு எனக்கு எட்டுத் தறி இருக்கிறது, நானே கூலி கொடுக்கிற இடத்தில் இருக்கிறேன். என் குடோனில் ஓட்டுகிற நாலு குடும்பத்தின் பிள்ளைகள் சாயந்திரம் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது. இந்த வாரம் கேட்கிறேன். முன்பணத்தைப் பற்றியும் அவர்களோடு பேசணும்.

பீளமேடு_டிசைனர் (கோயம்புத்தூர்)

டீச்சர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா? என்னிடம் படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரையும் கூட்டி வர ஆசை. என்ன எடுத்து வரணும் என்று சொன்னால் தயார் செய்துகொள்கிறோம்.

நொய்யல்_டீச்சர்

தாராளமாக வாங்க. ஒட்டுத்தாள் வேண்டாம், கேமராவும் வேண்டாம். முதல் நாள் உட்கார்ந்து பேச்சுக் கேட்டால் போதும். மாணவர்களில் யாருக்காவது ஒடியாவோ ஹிந்தியோ தெரிந்தால் அவர்களைக் கூட்டி வாருங்கள், அந்த நாலு வீட்டு அம்மாக்களிடம் என்னால் இன்னும் சரியாகப் பேச முடியவில்லை. அன்றைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் பேச்சை நிறுத்திவிடுவோம், எல்லோரும் குடம் தூக்கணும்.